கனகாம்பரத்தைத் தொட்டிச் செடியாக விற்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நர்சரி வைத்திருக்கிறேன். சில ஆண்டுகளாக, வீட்டுக்குள் வைக்கிற பூச்செடியாகக் கனகாம்பரத்தை வளர்த்து விற்று வருகிறேன். வருகிறவர்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

கனகாம்பரம் தலையில் வைக்கிற பூவாச்சே, அதை எதுக்கு வீட்டுக்குள்ளே வைக்கணும்?

ஒரு செடியைப் பூப்பறிக்காமல் ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். நம்மில் பெரும்பாலானோர் கனகாம்பரச் செடியை முழுப்பூவோடு பார்த்ததே கிடையாது. தோட்டத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்துவிடுவார்கள். வீட்டுக் கொல்லையில் பாட்டிக்கோ அத்தைக்கோ விடிந்ததும் முதல் வேலையே அதுதான். அதனால் நம் மனதில் அது நாரில் தொடுத்த சரமாகவே பதிந்திருக்கிறது, செடியாகப் பதியவில்லை.

பறிக்காமல் விட்டால் தெரியும். பச்சைச் செதில்கள் அடுக்கிய கதிர் கீழிருந்து மேலாக ஒவ்வொரு வரிசையாக மலர்ந்துகொண்டே போகும். ஒரு கதிர் முடிய வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் பக்கத்துக் கிளையில் அடுத்த கதிர் தலைகாட்டும். இதழ்கள் ஒரே பக்கமாக விசிறிபோல் விரிவதால் எதிரே நின்று பார்க்கிறவருக்கு முழு நிறமும் தெரியும். இலையும் சும்மா இல்லை. கரும்பச்சையாக, எண்ணெய் தடவிய மாதிரி மினுமினுப்பாக, ஓரத்தில் லேசான அலையோடு இருக்கும். பூ இல்லாத நாளிலும் பார்க்க நன்றாக இருப்பதுதான் வீட்டுச் செடிக்கு முதல் தகுதி. அதில் கனகாம்பரம் தேறிவிடுகிறது.

வாசனை இல்லை என்று சிலர் குறை சொல்வார்கள். மூடிய அறையில் அது குறையே இல்லை. மல்லிகைத் தொட்டியைப் படுக்கையறையில் வைத்துத் தலைவலியோடு எழுந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டில் இதை வீட்டுச் செடியாக விற்கிறார்கள் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கிராசாண்ட்ரா என்ற பெயரில் தொட்டியில் விற்கிறார்கள். சுவீடனில் உருவான மோனா வால்ஹெட் என்ற குட்டை ரகம்தான் அங்கே இதற்கு வழி திறந்தது. ஒன்றரை அடிக்கு மேல் போகாத, அடர்த்தியான செடி அது. பிறகு ஃபார்ச்சூனா, ஆரஞ்சு மார்மலேட், ஃபுளோரிடா ஃபிளேம் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஆங்கிலத்தில் இதற்குப் ‘பட்டாசுப் பூ’ என்று பொருள்படும் பெயரும் உண்டு. முற்றிய விதைக்காயில் ஈரம் பட்டால் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும், அதனால் அப்படி.

ஆனால் அங்கேயும் இது ராணி கிடையாது. ஆர்க்கிட், ஆப்பிரிக்க வயலெட் வரிசையில் இதை யாரும் சொல்வதில்லை. காரணம் குளிர். வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போனால் செடி முகம் சுளிக்கும், வளர்ச்சி நின்று இலை உதிரும். அவர்களுக்குத் தடையாக இருக்கிற அந்த ஒன்று நம் சமவெளியில் தடையே இல்லை. நமக்குச் சொந்தமான செடியை, நமக்குத் தோதான வெயிலில், நாம்தான் இப்படி வளர்க்காமல் இருக்கிறோம்.

இது நம்ம ஊர்ச் செடிதானா?

தென்னிந்தியா, இலங்கை, வெப்பமண்டல ஆப்பிரிக்கா ஆகிய இடங்களுக்கு இயற்கையாகவே உரியது. குடும்பத்தைச் சொன்னால் உறவு புரியும். ஆடாதொடை, நிலவேம்பு, டிசம்பர் பூ, பள்ளிக்கூடத்தில் எச்சில் தொட்டு வெடிக்கவிட்ட பட்டாசுக்காய் எல்லாம் இதற்குப் பங்காளிகள். தாவரப் பெயர் கிராசாண்ட்ரா இன்ஃபண்டிபுலிஃபார்மிஸ். முன்பாதிக்கு, மகரந்தப் பையில் குஞ்சம் உள்ளது என்று கிரேக்கத்தில் பொருள். பின்பாதிக்குப் புனல் வடிவம் என்று லத்தீனில் பொருள். நம் பெயரில் கனகம் பொன், அம்பரம் ஆடை. எது அழகு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மராத்தியிலும் கொங்கணியிலும் இது ‘அபோலி’. அந்த இளஞ்செம்மஞ்சள் நிறத்துக்கே மராத்தியில் அபோலி நிறம் என்றுதான் பெயர்.

அப்படியானால் நம் ஊரில் ஏன் யாரும் இதைத் தொட்டிச் செடியாகக் கவனிக்கவில்லை?

நாம் இதை எடை போட்டே பழகிவிட்டோம். நிலக்கோட்டை, தோவாளை, மாட்டுத்தாவணி என்று எந்தப் பூச்சந்தைக்குப் போனாலும் கனகாம்பரத்துக்குக் கிலோ கணக்கு. பண்டிகை முகூர்த்தத்தில் கிலோ ஆயிரத்தைத் தாண்டும், ஆளில்லாத நாளில் சரிந்து கிடக்கும். ஒரு கிலோ சேர ஆயிரக்கணக்கான பூ வேண்டும். அதனால் விவசாயி கேட்டது நீளமான கதிர், பெரிய பூ, அதிக எடை, இரண்டு மூன்று வருடம் நிலத்தில் நிற்கிற செடி. ஆராய்ச்சி நிலையங்களும் அந்தத் திசையில்தான் ரகங்களைத் தேர்ந்தெடுத்தன. அது தப்பே இல்லை, சோறு போடுவது அதுதான்.

தொட்டிச் செடிக்கு வேண்டியதோ ஏறக்குறைய நேர்மாறானது. செடி குட்டையாக இருக்க வேண்டும். அடியிலிருந்தே கிளை பிரிய வேண்டும். கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி குறைய வேண்டும். பூ லேசாக இருந்தால் போதும், காம்பில் அதிக நாள் நிற்க வேண்டும். உயரமாகப் போகிறது என்று விவசாயி சந்தோஷப்படுகிற செடியை நான் ஒதுக்கி வைக்கிறேன். குட்டையாக நிற்கிறது என்று அவர் பிடுங்கி எறிகிறதை நான் கேட்டு வாங்கி வருகிறேன். திண்டுக்கல் பக்கம் ஒரு தோட்டத்தில் வரப்பு ஓரம் வீசிக் கிடந்த குட்டைச் செடியை நான் எடுத்தபோது அந்த அண்ணன் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. இப்போது என் தாய்ச் செடிகளில் அதுதான் சிறந்தது.

இன்னொரு காரணம் கௌரவம். ‘கிராமத்துப் பூ’ என்று ஒரு முத்திரை விழுந்துவிட்டது. நகரத்தில் தலையில் சரம் வைப்பதே குறைந்து வருகிறது. வைத்தாலும் மல்லிகை, முல்லைதான். வரவேற்பறைக்கு ஆந்தூரியம் வாங்குகிறவர், கனகாம்பரம் என்றால் ‘அது எங்க ஊர்ல வேலியோரம் கெடக்குமே’ என்பார். பெயர்ப் பலகையில் கிராசாண்ட்ரா என்று எழுதி வைத்தால் அதே ஆள் குனிந்து பார்க்கிறார். நானும் எழுதிப் பார்த்தேன். பிறகு கூச்சமாக இருந்தது, இரண்டு பெயரையும் எழுதிவிட்டேன்.

எந்த ரகம் தொட்டிக்கு ஆகும்?

முதலில் டெல்லி கனகாம்பரத்தைச் சொல்கிறேன். அழுத்தமான செம்மஞ்சள் நிறம், பெரிய பூ. இது மும்மய ரகம். குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று இருப்பதால் விதை பிடிக்காது. நம் வாழைப்பழத்தில் விதை இல்லாததற்கும் இதே காரணம்தான். தொட்டியில் வைக்கிறவருக்கு இது வரம். விதைக்குச் சத்தைச் செலவழிக்காமல் செடி பூவிலேயே குறியாக இருக்கும், கதிரில் காய்ந்த விதைக்காயும் தொங்காது. குறை என்னவென்றால், விட்டால் ஓங்கி வளரும். கிள்ளிக் கிள்ளித்தான் அடக்க வேண்டும்.

நாட்டு ரகங்களில் சாதா ஆரஞ்சு விதையிலேயே வரும். மஞ்சள் நிறத்தில் லூட்டியா, சிவப்பில் செபாகுலிஸ் இரண்டும் பழைய ரகங்கள். மஞ்சளுக்கு நகரத்தில் நல்ல கிராக்கி, காரணம் அது கனகாம்பரம் என்று பலருக்குத் தெரிவதில்லை! பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் அர்கா அம்பரா, அர்கா கனகா, அர்கா ஸ்ரீயா, அர்கா ஸ்ரவ்யா, அர்கா சென்னா என்று வரிசையாக ரகங்களை வெளியிட்டிருக்கிறது. இவை தோட்டத்துக்கு என்று வந்தவை. ஆனாலும் இரண்டு மூன்றை வாங்கித் தொட்டியில் வைத்துப் பாருங்கள், எது உங்கள் இடத்துக்கு அடக்கமாக நிற்கிறது என்று தெரியும். பெயருள்ள ரகத்தைப் பெருக்கி அதே பெயரில் விற்பதாக இருந்தால், வெளியிட்ட நிறுவனத்திடம் உரிமம் பற்றி முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அடுக்குமாடி வீடு. பால்கனி கிடையாது. ஜன்னலோரத்தில் பூக்குமா?

கிழக்கு ஜன்னலில் பூக்கும். காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் விழுந்தால் போதும். தெற்கு, மேற்கு ஜன்னலாக இருந்தால் மெல்லிய திரைச்சீலை போடுங்கள், உச்சி வெயில் நேராகப் பட்டால் பூ வெளுத்துவிடும். வடக்கு ஜன்னலில் இலை நன்றாக இருக்கும், பூ குறையும். அறைக்கு நடுவே டீப்பாய் மேல் வைத்தால் ஒரு வாரம் அழகு காட்டிவிட்டுக் கதிர் விடுவதை நிறுத்திக்கொள்ளும். விருந்தாளி வருகிற அன்று நடுவில் வையுங்கள், அவர்கள் போனதும் ஜன்னலுக்குத் திருப்பிவிடுங்கள்.

வெளிச்சம் ஒரு பக்கமாக வருவதால் செடி அந்தப் பக்கமே சாயும். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் சுற்றுத் திருப்பினால் நேராக நிற்கும்.

தண்ணீர் எவ்வளவு ஊற்ற வேண்டும்?

மேல்மண்ணில் விரல் நுனியை வைத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் அடி ஓட்டையில் வடிகிற வரை ஊற்றுங்கள், தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். கணக்கு அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கனகாம்பரம் தாகத்தைச் சட்டென்று காட்டும், இலை தொய்ந்துவிடும். மண் காய்ந்து தொய்ந்தால் தண்ணீர் ஊற்றிய ஒரு மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும், பயம் இல்லை. மண் ஈரமாக இருக்கும்போதே தொய்ந்தால் வேர் கெட்டிருக்கிறது. அப்போது ‘ஐயோ வாடுதே’ என்று இன்னும் ஊற்றுகிறவர்கள்தான் அதிகம். என்னிடம் செத்துப்போன செடியைத் தூக்கி வருகிறவர்களின் தொட்டி பெரும்பாலும் சொதசொத என்றுதான் இருக்கும்.

ஏசி அறையில்?

வைக்கலாம், ஏசிக் காற்று நேராகப் படக்கூடாது. வறண்ட காற்றில் இலை ஓரம் சுருளும், செஞ்சிலந்தி வரும். இலையடியில் தூசி மாதிரி, நூலாம்படை மாதிரி தெரிந்தால் அதுதான். ஈரத்துணியால் இலையின் இரண்டு பக்கமும் துடைத்துவிடுங்கள். கூழாங்கல் பரப்பிய தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அதன் மேல் தொட்டியை வைத்தால் சுற்றுக் காற்றில் ஈரம் நிற்கும். பூமேல் தண்ணீர் தெளிக்காதீர்கள், புள்ளி விழும்.

தோட்டத்து மண்ணையே தொட்டியில் போடலாமா?

கூடாது. இது ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முதல் வருடம் நானும் அதைத்தான் செய்தேன். ஒரு பழைய கனகாம்பரத் தோட்டத்திலிருந்து செம்மண் வாங்கி, தொழுவுரம் கலந்து, நூற்றுக்கும் மேல் செடி வைத்தேன். இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு இலை சிறுத்தது, வெளிறியது, செடி குன்றியது. ஒவ்வொன்றாக வாடி நின்றது. உரம் போதவில்லை என்று நினைத்து உரம் போட்டேன். பிடுங்கிப் பார்த்தபோதுதான் வேரெல்லாம் கறுத்துப் புண்ணாகி இருந்தது தெரிந்தது.

கனகாம்பரத்துக்குப் பரம எதிரி இந்தக் கூட்டணிதான். பிராட்டிலெங்கஸ் டெலாட்ரி என்ற வேர்ப்புண் நூற்புழு முதலில் வேரைத் துளைக்கும். கண்ணுக்குத் தெரியாத புழு. அந்தக் காயம் வழியாக ஃபியூசேரியம் பூஞ்சை புகுந்து வாடல் நோயைக் கொண்டுவரும். தமிழ்நாட்டில் கனகாம்பரத் தோட்டங்கள் இரண்டாம் வருடமே படுத்துவிடுவதற்கு இவை முக்கியக் காரணம். ஒரே நிலத்தில் திரும்பத் திரும்ப இதையே வைக்காமல் நடுவில் செண்டுமல்லி போடுகிற வழக்கம் இதனால்தான் நல்லது. செண்டுமல்லி வேர் இந்த நூற்புழுவைக் குறைக்கும்.

தொட்டிக்காரருக்கு ஓர் ஆதாயம் உண்டு. நிலத்தை மாற்ற முடியாது, தொட்டி மண்ணை முழுக்கவே மாற்றலாம். தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல்துகளோ கழுவிய ஆற்று மணலோ ஒரு பங்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்பை இறக்கிவிட்டுத்தான் கலக்க வேண்டும். கட்டியை வாங்கி அப்படியே நனைத்துப் போட்டால் இலை நுனி கருகும். மண் சேர்த்தே ஆக வேண்டும் என்றால், கனகாம்பரமும் கத்தரியும் தக்காளியும் பார்க்காத மண்ணாகப் பார்த்து எடுங்கள். பழைய தொட்டியைக் கழுவி ஒரு நாள் வெயிலில் கவிழ்த்து வையுங்கள். தொட்டிகளை வெறுந்தரையில் வைக்காமல் கல் மேலோ பலகை மேலோ வைத்தால், கீழ் மண்ணிலிருந்து புழு ஏறுவதும் தவிரும்.

விதை போடுவதா, குச்சி வைப்பதா?

விற்க என்றால் குச்சிதான். விதையில் வந்த செடிகள் ஒன்று நெட்டையாகவும் ஒன்று குட்டையாகவும் இருக்கும். கடையில் வரிசையாக வைக்கும்போது பல் விழுந்த மாதிரி தெரியும். டெல்லி கனகாம்பரத்துக்குக் குச்சியை விட்டால் வேறு வழியும் இல்லை.

பூ இல்லாத இளங்கிளையின் நுனியில் நான்கு அங்குலம் வெட்டுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, வேர்விடும் பொடியில் தொட்டு, ஈரமான நார்க்கழிவில் ஊன்றுங்கள். மேலே பாலித்தீன் மூடி, நிழல்வலைக்கு அடியில் வைத்தால் மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். நுனிக் குச்சியில் இன்னொரு நன்மை, நூற்புழு வேரில்தான் இருக்கும், நுனியில் இருக்காது. அதனால் நோய்த் தோட்டத்துச் செடியாக இருந்தாலும், வாடாத கிளையின் நுனியை எடுத்துச் சுத்தமான கலவையில் ஊன்றினால் நூற்புழு இல்லாத செடி கிடைக்கும்.

புது ரகம் தேடுகிறவர்கள் மட்டும் விதை போடுங்கள். கதிர் பழுப்பாகும்போதே துணிப்பையைக் கட்டிவிட வேண்டும். இல்லையென்றால் ஒரு மழை போதும், காலையில் போய்ப் பார்த்தால் காய் வெடித்து வெறுங்கூடு நிற்கும். காய்க்கு அதிகபட்சம் நான்கு விதை. முளைக்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சூடு வேண்டும், மார்கழியில் போட்டால் இன்னும் இழுக்கும். முளைத்ததில் குட்டையாக, அடியிலேயே கிளைத்து, இலை அடர்ந்து வருகிறதைத் தனியே எடுத்து வைத்து அதிலிருந்து குச்சி எடுங்கள். பெரிய ஆய்வகம் தேவையில்லை, பொறுமையும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

விற்கிற பக்குவத்துக்கு வர எவ்வளவு நாள் ஆகும்? செடி அடர்த்தியாக வர என்ன செய்ய வேண்டும்?

வேர் பிடித்த குச்சி பூவோடு நிற்க மூன்று நான்கு மாதம். விதை என்றால் ஐந்து மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே குச்சியை ஒரு தொட்டியில் வைத்தால் துடைப்பக்குச்சி மாதிரி நிற்கும். ஆறு அங்குலத் தொட்டியில் மூன்று குச்சி வைக்கிறேன். நான்கைந்து ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளுகிறேன், கிளைத்து வந்ததை இன்னொரு தடவை கிள்ளுகிறேன். இரண்டாவது கிள்ளலில்தான் எல்லாருக்கும் கை வராது. மொட்டுக் கதிர் எட்டிப் பார்க்கும், கிள்ள மனசு வராது. கிள்ளாமல் விட்டால் மூன்று கதிரோடு விற்பீர்கள், கிள்ளினால் மூன்று வாரம் கழித்து எட்டுப் பத்துக் கதிரோடு விற்கலாம்.

வெளிநாட்டில் செடியைக் குட்டையாக்க வளர்ச்சி அடக்கும் மருந்து தெளிப்பார்கள். நான் தெளிப்பதில்லை. வீட்டுக்குப் போனபின் மருந்தின் வேகம் போய்ச் செடி சரசரவென்று நீளும், வாங்கியவர் நம்மைத்தான் திட்டுவார். குட்டையாகப் பிறந்த செடியைத் தேடிப் பெருக்குவது நீண்ட வழிதான், ஆனால் அதுதான் நிற்கும்.

புது இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. என்ன நோய்?

நோய் இல்லை, இரும்புச் சத்துக் குறை. நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. மண்ணின் கார அமில நிலை ஏழரைக்கு மேல் போனால், இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றுங்கள், அல்லது கடையில் கிடைக்கும் கொடுக்கிணைப்பு இரும்பை, அதுதான் இரும்புக் கீலேட்டை, பாக்கெட்டில் போட்ட அளவில் கலந்து ஊற்றுங்கள். அடி இலை மஞ்சளானால் அது வேறு கதை, தழைச்சத்துக் குறை அல்லது தண்ணீர்த் தேக்கம்.

மாவுப்பூச்சி, செதில் பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ எல்லாம் அவ்வப்போது வரும். லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், ஒரு சொட்டு சோப்புக் கரைசல், மாலையில் தெளித்தால் ஆரம்பத்தில் அடங்கும்.

இதில் பணம் வருமா? நேராகச் சொல்லுங்கள்.

நேராகவே சொல்கிறேன். இதை மட்டும் நம்பி நர்சரி தொடங்காதீர்கள்.

செடி உற்பத்திச் செலவு பெரிதில்லை. குச்சி உங்களுடையது, கலவை, தொட்டி, நிழல்வலை, கிள்ளுகிற கூலி, அவ்வளவுதான். கஷ்டம் கடையில் இருக்கிறது. கனகாம்பரம் என்றால் கவரில் போட்ட நாற்றுக்குக் கொடுக்கிற விலையைத்தான் வாங்குகிறவர் மனதில் வைத்திருப்பார். அதே ஆள், ஆந்திராவின் நர்சரி ஊரான கடியத்திலிருந்து லாரியில் வந்து இறங்கிய, நாளைக்கே மொட்டு உதிர்க்கப் போகிற ஏதோ ஒரு சீமைப் பூச்செடிக்கு இரண்டு மடங்கு கொடுப்பார். அவரைத் திட்டிப் பயன் இல்லை. நாற்று மாதிரி வைத்தால் நாற்று விலைதான் கிடைக்கும். வெள்ளைத் தொட்டியில், ஒரே உயரத்தில், பத்துக் கதிர் பூவோடு, பராமரிப்புச் சீட்டோடு வைத்தால் அது வேறு பொருள்.

எங்கே விற்கும் என்றால், எனக்கு மூன்று இடம் கைகொடுத்தது. ஒன்று, கல்யாணத் தாம்பூலம். தேங்காய்ப் பைக்குப் பதிலாகச் செடி கொடுக்கிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பூத்த செடி வேண்டும், மங்கல நிறம் வேண்டும், விலை கட்டுப்படியாக வேண்டும். கனகாம்பரம் மூன்றுக்கும் பொருந்தும். மூன்று நான்கு மாதம் முன்னால் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். இரண்டு, வாசலிலும் வரவேற்பிலும் பூத்தொட்டி வைக்கிற சின்ன ஓட்டல்கள். மூன்று, ஊரைவிட்டு வந்து பெங்களூரு, சென்னை அடுக்குமாடியில் இருக்கும் பெண்கள். அவர்களுக்கு விளக்கமே சொல்ல வேண்டாம், செடியைப் பார்த்ததும் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

மார்கழி, தை குளிரில் பூ குறையும். அந்த இரண்டு மாதம் விற்பனை படுக்கும், அதை முன்கூட்டியே கணக்கில் எடுங்கள். அப்போதுதான் சந்தையில் உதிரிப்பூ விலை ஏறி நிற்கும் என்பது வேறு வயிற்றெரிச்சல்.

ஏற்றுமதி செய்யலாமா?

மண்ணோடு செடி அனுப்புவதைப் பெரும்பாலான நாடுகள் ஏற்பதில்லை. தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் எதுவும் நகராது. திசு வளர்ப்பில் குடுவையில் அனுப்புகிற அளவுக்கு முதலீடு இருப்பவர்கள் யோசிக்கலாம். என்னைக் கேட்டால், திருச்சியில் விற்க முடியாததை ஆம்ஸ்டர்டாமில் விற்கக் கிளம்ப வேண்டாம்.

ஒரு சாதாரணக் காட்டுப்பூ உலக வீட்டுச் செடியாக மாறியதற்கு முன்னுதாரணம் உண்டா?

உண்டு, ஆப்பிரிக்க வயலெட். இன்றைய தான்சானியாவின் உசம்பாரா மலையில் 1892 வாக்கில் ஜெர்மன் அதிகாரி வால்டர் ஃபான் செயின்ட் பால் கண்டு, தகப்பனாருக்கு அனுப்பி வைத்தார். 1893-இல் தாவரவியலார் வெண்ட்லாண்ட் அந்தச் செயின்ட் பால் குடும்பப் பெயரையே சேர்த்து அதற்குப் பெயரிட்டார். அடுத்த சில பத்தாண்டுகளில் ஆயிரக்கணக்கான ரகங்கள் வந்துவிட்டன. அந்தச் செடிக்கு இருந்தது ஜன்னல் திட்டில் அடங்கும் அளவும், வெளிச்சம் குறைந்தாலும் பூக்கும் குணமும். கனகாம்பரத்துக்கு இரண்டாவது கொஞ்சம் குறைவு, அதை மறைக்க மாட்டேன். முதலாவதை நாம் தேர்ந்தெடுத்து உண்டாக்கலாம்.

நம் ஊரில் கவனிக்கப்படாத வேறு பூச்செடி?

டிசம்பர் பூ அழகு, ஆனால் பருவம் முடிந்தால் வெறும் இலைதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் காசித்தும்பை வகைகள் அள்ளிக்கொண்டு போகும், அவற்றில் பல அங்கே மட்டுமே இருப்பவை, சமவெளிச் சூட்டைத் தாங்காதவை. காட்டிலிருந்து பிடுங்கி வருவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்.

ஜன்னலோரம் பூத்து நிற்கிறது, வீட்டில் அம்மா தினமும் பறித்துவிடுகிறார். என்ன செய்வது?

பறிக்கட்டும், செடிக்குக் கெடுதல் இல்லை. கதிரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பூவை மட்டும் மெல்ல மேலாக இழுக்கச் சொல்லுங்கள், கதிரை ஒடித்துவிடக் கூடாது. முழுக்கப் பூத்து முடிந்த கதிரை மட்டும் அடியோடு வெட்டலாம், அதற்குக் கீழே இரண்டு புதுக்கிளை வரும். முடிந்தால் இரண்டாவது தொட்டி ஒன்று வாங்கி அவர் பெயருக்கு எழுதிவிடுங்கள். என் நர்சரியில் விற்பனை வரிசையின் கடைசித் தொட்டி என் அம்மாவுடையது. அதில் பூ இருந்து இதுவரை யாரும் பார்த்ததில்லை.